மேனேஜரின் தொண்டையில் எலும்பு இல்லை

1

இந்தக் கதையை எழுத வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதில்லை. ஊசி போடும் அறையிலிருந்த நர்ஸ் என்னிடம் கேட்டது வெறும் நாலு வரிதான். "உங்களுக்கு எழுத வரும்னு உங்க மாப்பிள்ளை சொன்னாரே. உங்க குடோன் சுவத்துல ஒட்ட ஒரு நாலு வரி எழுதுங்களேன். நாங்க அச்சடிச்சு ஒட்டினா ஒருத்தரும் நின்னு படிக்க மாட்டேங்கிறாங்க" என்றார்.

எழுதினேன். "நாய் கடித்தாலோ, பிறாண்டினாலோ, அதன் எச்சில் கீறலில் பட்டாலோ உடனே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவவும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவும். எல்லா ஊசியையும் போட்டு முடிக்கவும். நோய் வெளியே தெரிந்த பிறகு காப்பாற்ற வழியில்லை."

வேலை இடைவேளையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். தலையை ஆட்டினார்கள். என் தங்கையின் கணவன் மட்டும் ஆட்டவில்லை. அவனை நினைத்துத்தான் நான் அதை எழுதியிருந்தேன்.

"எல்லாம் சரி மச்சான். இதுல மேனேஜர் எங்க?" என்று கேட்டான்.

மேனேஜர் என்பது நாய். நாலு வரிக்குள் அதற்கு இடமில்லை. அப்படித்தான் இது கதையாகிப்போனது.

[நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றுக்கொண்டவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொய் இருந்தால் பொறுக்க வேண்டாம்.]

2

எங்கே ஆரம்பிப்பது?

"சூரியன் மேற்கில் சாயும் வேளையில், ஆளரவமற்ற குடோன் வாசலில் ஒரு நாய் —"

வேண்டாம். நடந்தது மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். ஆளரவத்துக்கும் குறைவில்லை. எதற்கோ சண்டைகூட நடந்துகொண்டிருந்தது.

"அந்த நாய்க்கு ரேபிஸ், அதாவது வெறிநோய், பிடித்திருந்தது."

உண்மைதான். ஆனால் இதை முதலில் சொன்னால், இனி நாங்கள் செய்யப்போகும் ஒவ்வொன்றையும் பார்த்து நீங்கள் "ஐயோ, முட்டாள்களே" என்று கத்துவீர்கள். கத்துங்கள், பரவாயில்லை. ஆனால் நாங்கள் முட்டாள்தனத்தால் அதைச் செய்யவில்லை. பிரியத்தால் செய்தோம். அதை எந்த வரிசையில் சொன்னால் உங்களுக்குப் புரியும் என்றுதான் தடுமாறுகிறேன்.

"மேனேஜர் அன்று சாப்பிடவில்லை."

இது சரி. பொதியைத் தூக்கும்போது கை வைக்கிற இடம் ஒன்று உண்டு. அங்கே வைத்தால் முழுப் பொதியும் எழுந்து வரும். இந்த வரியில் அந்த இடம் தட்டுப்படுகிறது.

3

மேனேஜர் அன்று சாப்பிடவில்லை.

எங்கள் குடோனுக்குத் துணிப் பொதிகள் வரும். லாரியிலிருந்து இறக்கி, எடை மேடையில் வைத்து எடுத்து, உள்ளே அடுக்க வேண்டும். அந்த நாய் எப்போது வந்து ஒட்டிக்கொண்டது என்று யாருக்கும் நினைவில்லை. எடை மேடைக்குப் பக்கத்தில் படுத்து, நாங்கள் சுமப்பதையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு துரும்பை நகர்த்தாது. சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் சரியாக எழுந்து வரும். அதனால் அந்தப் பேர். நிஜ மேனேஜர் பக்கத்தில் இருந்தால் "சார்" என்று மட்டும் கூப்பிடுவோம். இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அதோடு அதிகம் ஒட்டுதல் என் தங்கை கணவனுக்கு. ஒரு பொதிக்கு இரண்டு பேர் நிற்கிற இடத்தில் அவன் ஒற்றை ஆளாக நிற்பான். கிரேன் என்றால்தான் அவனைத் தெரியும். [சொந்தப் பேரைக் கதையில் போடட்டுமா என்று கேட்டேன். "கிரேன்னே போடு. அந்தப் பேரப் போட்டா எனக்கே நான்னு தெரியாது" என்றான்.]

அன்று கிரேன் தன் சாப்பாட்டில் பாதியை எடுத்து வைத்தான். மேனேஜர் வந்தது, குனிந்தது. வாயில் கவ்வ முடியவில்லை. கீழ்த்தாடை தொங்கிக்கொண்டிருந்தது. எச்சில் நூல் நூலாக வடிந்தது. குரைக்கப் பார்த்தது, தொண்டை கட்டிப்போன ஆள் தூரத்திலிருந்து கூப்பிடுவதுபோல ஒரு சத்தம் வந்தது.

"தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சுடா அதுக்கு" என்றார் மேஸ்திரி.

எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் பட்டது. வாயை மூட முடியவில்லை, விழுங்க முடியவில்லை, குரல் எழும்பவில்லை. வேறு என்னவாக இருக்க முடியும்?

"மச்சான், தலையப் பிடி" என்றான் கிரேன்.

நான் மேனேஜரின் தலையை முழங்கால்களுக்கு நடுவில் வைத்து, மேல்தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். கிரேன் கையை உள்ளே விட்டான். முதலில் இரண்டு விரல். பிறகு நாலு. பிறகு மணிக்கட்டு வரை.

"கிடைச்சுதா?"

"இரு."

"சட்டைப்பையில சாவி தேடுற மாதிரி தேடுறான் பாரு" என்றார் மேஸ்திரி.

"இருங்கண்ணே. வழுக்குது."

ஒன்றும் கிடைக்கவில்லை. மேனேஜர் உறுமவில்லை. விட்டதும் எடை மேடைக்கு அடியில், வெளிச்சம் படாத மூலைக்குப் போய்ச் சுருண்டுகொண்டது. கிரேன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு லாரியில் ஏறினான். நானும் ஏறினேன்.

மறுநாள் காலையில் மேனேஜர் அதே மூலையில் செத்துக் கிடந்தது.

4

இங்கே என் தங்கை வருகிறாள். அவளை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. நான் படித்த கதைகளில் சாப்பாடு கொண்டுவருகிற பெண்கள் கண் கலங்குவார்கள், இல்லையென்றால் ஓரமாக நிற்பார்கள். என் தங்கை இந்த இரண்டிலும் சேர்த்தி இல்லை. "அவள் விழிகளில் ஒரு மெல்லிய சோகம் —" என்று எழுதிப் பார்த்தேன். எழுதியது அவளுக்குத் தெரிந்தால் பேனாவைப் பிடுங்கிவிடுவாள். அடித்துவிட்டேன்.

அவள் வந்தபோது கிரேன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மேனேஜரைப் பின்பக்கம் குழிதோண்டிப் புதைத்துவிட்டு வந்திருந்தோம்.

"இன்னும் ஒரு விரக்கடை உள்ள போயிருந்தா எடுத்திருப்பேன்" என்றான் அவளிடம். "கைதான் பெருசா இருக்கே தவிர, நீளமில்ல."

"கைய எங்க விட்டீங்க?"

சொன்னான். அவள் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை.

"எலும்பு கிடைச்சுதா?"

"அதான் இல்லைங்கிறேனே."

"முள்ளு?"

"இல்ல."

"அப்ப அது ஏன் வாய மூடல?"

கேள்வி அவ்வளவுதான். மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் லாரியைப் பார்த்தேன். அத்தனை பேர் சுற்றி நின்றோம், ஒருத்தனுக்கும் அது தோன்றவில்லை. எலும்பு என்று சொன்ன பிறகு எல்லோரும் எலும்பைத் தேடினோம். இல்லாதபோதும், ஆழத்தில் இருக்கிறது என்று நினைத்தோம்.

"எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"எதுக்கு? அது என்னைக் கடிக்கவே இல்ல."

"கடிச்சாத்தான் வருவீங்களா? அண்ணே, நீயும் கிளம்பு. உன் மாப்பிள்ளை பாதி வழியில இறங்கி ஓடினா பிடிக்க ஆள் வேணும்."

துணைக்குத்தான் போனேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

5

ஊசி அறையில் வரிசை நீளமாக இருந்தது. எங்கள் முறை வந்ததும் நர்ஸ் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"எங்க கடிச்சுது?"

"கடிக்கலீங்க சிஸ்டர்."

"பிறாண்டுச்சா?"

"இல்லீங்க. நல்ல நாய்."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

"வீட்டுக்காரி கூட்டிட்டு வந்தா."

வரிசையில் சிரிப்பு. நர்ஸும் சிரித்துவிட்டார். அந்த இடத்தில் எல்லாம் முடிந்திருக்கலாம். கேட்டதற்கெல்லாம் கிரேன் உண்மையான பதில்தான் சொன்னான். உண்மையைச் சொல்லியே அவன் தப்பித்து வெளியே போய்விடப் பார்த்தான். அவன் எழுந்தேவிட்டான்.

"வாய்க்குள்ள கைய விட்டாருங்க சிஸ்டர்" என்றாள் தங்கை. "வாய் தொங்கி, எச்சி வடிஞ்சுட்டு இருந்துச்சாம். இன்னைக்கு அது செத்துப்போச்சு."

நர்ஸின் சிரிப்பு நின்றது. "உட்காருங்க. கையில காயம் இருக்கா?"

"ஒரு கீறல்கூட இல்லீங்க" என்றான் கிரேன்.

பொய் சொல்லவில்லை. எங்கள் கணக்கில் அது பொய் இல்லை. பொதிகளைத் தகரப் பட்டை போட்டு இறுக்கியிருப்பார்கள். பட்டையின் முனை, கொக்கியின் முனை, கயிற்றின் பிசிறு என்று தினமும் ஏதாவது ஒன்று உள்ளங்கையைக் கிழிக்கும். ரத்தம் சொட்டினால் துணியைச் சுற்றிக்கொள்வோம். சொட்டாவிட்டால் அதற்கு எங்களிடம் பேரே கிடையாது.

நர்ஸ் அவன் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். முதல்நாள் கிழிந்தது, அதற்கு முன்தினம் கிழிந்தது, ஆறி மறுபடி கிழிந்தது.

"இதெல்லாம் என்ன?"

"அது காயமில்ல சிஸ்டர். வேலை."

[இந்த வரியை நான் சொந்தமாகச் சேர்த்தேன் என்று நினைப்பீர்கள். நானும் இரண்டு தடவை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன், அவ்வளவு பொருத்தமாக இருந்ததால். ஆனால் அவன் சொன்னது அதுதான்.]

நர்ஸ் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"இவர் கைய விட்டப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"நான் தலையப் பிடிச்சுட்டு —"

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. என் கையை நானே திருப்பிப் பார்த்தேன். கதை எழுதுகிறவன் கதைக்கு வெளியே நிற்பான் என்று நினைத்திருந்தேன்.

"ரெண்டு பேரும் அந்தக் குழாய்க்குப் போங்க. சோப்பு அங்க இருக்கு. கால் மணி நேரம். நான் சொல்றவரைக்கும் எடுக்கக் கூடாது."

"நேத்து நடந்ததுக்கு இன்னைக்குக் கழுவி என்ன சிஸ்டர்?"

"நேத்தே கழுவியிருந்தா ரொம்ப நல்லது. அதுக்காக இன்னைக்கு விட முடியாது. போங்க."

தண்ணீருக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பொதியோடு ஓடச் சொன்னால் ஓடிவிடுவோம். "போதுமா மச்சான்?" "இன்னும் ஆரம்பிக்கவே இல்லடா." "சிஸ்டர் மறந்துட்டாங்க போல." "மறக்கல" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. தங்கை எங்கள் இருவருக்கும் பின்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள். தண்ணீர் கீறல்களில் எரிந்தபோதுதான் எனக்கு எத்தனை கீறல்கள் இருக்கின்றன என்று தெரிந்தது.

6

இனி கொஞ்சம் கட்டுரை. கதை மட்டும் வேண்டுபவர்கள் ஏழுக்குத் தாண்டிவிடலாம். தாண்டாமல் இருந்தால் நல்லது.

நர்ஸ் சொன்னதை என் வாயால் சொல்கிறேன். அந்தக் கிருமி நோயுள்ள நாயின் எச்சிலில் இருக்கிறது. உள்ளே போக அதற்குப் பெரிய கடி தேவையில்லை. தோல் விட்டுப்போன ஒரு கீறல் போதும், கண்ணோ வாயோ போதும். போன பிறகு நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல மூளைக்கு ஏறும். அதற்குச் சில வாரம் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். அதுவரை ஆள் நன்றாகவே இருப்பான், பொதி தூக்குவான். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கிற வாய்ப்பு. அதற்குள் தடுப்பூசி போட்டுக்கொண்டால் உடம்பு முந்திக்கொள்ளும். மூளைக்கு ஏறி நோய் வெளியே தெரிந்துவிட்டால், பிறகு எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் அநேகமாக ஒன்றும் செய்ய முடியாது.

[வெறி பிடித்த நாய் என்றால் விரட்டி விரட்டிக் கடிக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். சில நாய்கள் அப்படிச் செய்யாது. ஒதுங்கிப் படுக்கும், வாய் தொங்கும், விழுங்க முடியாது. இரக்கப்படுகிறவன்தான் அதனிடம் மாட்டுவான்.]

கிரேனின் கீறல்களுக்குள்ளேயே ஒரு மருந்தை ஏற்றினார்கள், பிறகு தோளில் தடுப்பூசி. எனக்கும் அப்படியே. உள்ளங்கையில் ஊசி இறங்குவதைப் பற்றி எழுத மாட்டேன். ஒற்றை ஆளாகப் பொதி தூக்குகிறவன் தன் மனைவியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டான் என்பதோடு நிறுத்துகிறேன். முடிந்ததும் அவன் நர்ஸிடம் கேட்டது அதுவேதான்.

"இன்னும் கொஞ்சம் உள்ள விட்டிருந்தா கிடைச்சிருக்குமா சிஸ்டர்?"

"எலும்பே இல்லைங்க. தோள் வரைக்கும் விட்டிருந்தாலும் ஒண்ணும் கிடைச்சிருக்காது. உங்க கையில குறையில்ல."

கிரேன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். நர்ஸ் என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "நல்லவேளை. அதுக்குத் தாடை நரம்பு செத்துப்போயிருக்கும். இல்லன்னா கடிச்சுக் குதறியிருக்கும்." பிறகு மேஸ்திரி முதல் அதைத் தொட்ட ஒவ்வொருவரையும் வரச் சொன்னார், அந்த நாலு வரியையும் கேட்டார்.

தாடை விஷயத்தை நான் கிரேனிடம் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லத் தோன்றவில்லை.

7

முடிவு. ஆளுக்கொரு முடிவு கேட்கிறார்கள்.

கிரேனின் முடிவு: எலும்பு கிடைக்கிறது. "வெளிய எடுத்ததும் மேனேஜர் ஒரு இருமல் இருமிட்டு, வாய மூடிட்டு, மிச்சச் சோத்தைத் தின்னுட்டுப் போய்ப் படுத்துக்கிச்சுன்னு எழுது. கதைதான மச்சான்? யார் கேக்கப்போறா?" எழுதினேன். ரொம்ப அழகாக வந்தது. நானே இரண்டு தடவை வாசித்தேன். பிறகு யோசித்தேன்: இதைக் குடோன் சுவரில் ஒட்டுகிறோம். படிக்கிறவன் நாளைக்கு ஒரு நாய் வாயைத் திறந்துகொண்டு நிற்பதைப் பார்க்கிறான். கையை விடுவான். இந்த முடிவு ஆளைக் கொல்லும். கிழித்துவிட்டேன்.

தங்கையின் முடிவு: கிரேன் செத்துப்போகிறான். "சாகடிச்சிருண்ணே. அப்பத்தான் பயந்துட்டு ஓடுவானுங்க."

"ஏய், நான் உன் புருஷன்டி" என்றான் கிரேன்.

"கதையில செத்தா ஒண்ணும் குறைஞ்சிட மாட்டீங்க."

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உட்கார்ந்தேன். "அவனுக்குத் தாகமாக இருந்தது. தங்கை டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். உதட்டருகே கொண்டுபோனதும் அவன் தொண்டை —"

"என்ன மச்சான், நிறுத்திட்ட?"

"பேனா சரியில்ல."

பேனா நன்றாகத்தான் இருந்தது.

8

இன்று கடைசி ஊசி. அதற்குத்தான் கிரேன் வரமாட்டேன் என்றான்.

காலையில் லாரி வந்து நின்றிருந்தது. அவன் பொதிகளுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"நல்லா யோசிச்சுப் பார்த்தேன் மச்சான். மணிக்கட்டு வரைக்கும் கை உள்ள இருந்துச்சு. வெறி பிடிச்ச நாயா இருந்தா விட்டிருக்குமா? அதுக்கு நான் யாருன்னு தெரிஞ்சிருக்கு. வலிய பொறுத்துக்கிட்டு, கடிக்காம, என் முகத்தையே பார்த்துட்டு இருந்துச்சு. அதைப் போயி வெறிநாய்ங்கிறீங்க. இத்தனை ஊசி போட்டாச்சு, போதும். இன்னும் ஒண்ணு போட்டா நானே அதை வெறிநாய்னு சொன்ன மாதிரி."

"இறங்குங்க கீழே" என்றாள் தங்கை. மத்தியானச் சாப்பாட்டோடு வருகிறவள் இன்று காலையிலேயே வந்திருந்தாள்.

"மாட்டேன்."

"அப்படியே மேல ஏறி வந்து இழுப்பேன்."

"ஏறு பார்ப்போம்."

அவள் நிஜமாகவே சக்கரத்தில் கால் வைத்தாள். குரல் உடைந்திருந்தது. அதற்கு முன் நான் அவள் குரலை அப்படிக் கேட்டதில்லை. "எல்லாத்தையும் போட்டுட்டு இந்த ஒண்ணுல எதுக்குங்க என் உசிர வாங்குறீங்க?"

நர்ஸ் சொன்ன தாடை விஷயம் என் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இறங்கிவிடுவான். ஆனால் கையை விட்ட அந்த நிமிஷத்தில் மேனேஜர் அவனை அடையாளம் தெரிந்துகொண்டு பொறுத்தது என்பதுதான் அவனிடம் மிச்சம் இருக்கிறது. அதைப் பிடுங்கித்தான் இறக்க வேண்டுமா?

"மாப்ள, கதையில அத எழுதல நான்" என்றேன்.

"எத?"

"அது கடிக்காம இருந்தத."

"ஏன் எழுதல? அதான் முக்கியம்!"

"நீ வந்து ஊசி போட்டுக்கோ. முடிச்சிட்டு வெளிய வந்ததும் எழுதி, உனக்கு வாசிச்சுக் காட்டுறேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு இறங்கினான்.

இப்போது ஆஸ்பத்திரி நடையில், பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் போட்டாயிற்று. அவன் உள்ளே இருக்கிறான். தங்கை கதவருகே நிற்கிறாள், மறுபடி மனம் மாறி ஓடி வந்துவிடாதபடி. உள்ளே நர்ஸ் "சட்டையத் தூக்குங்க" என்கிறார். "மெதுவா சிஸ்டர்" என்கிறான். சத்தமில்லை. தங்கை என் பக்கம் திரும்பி மூச்சு விடுகிறாள்.

போட்டாயிற்று.

எனக்கு மிச்சம் இருப்பது ஒரு வரி. நான் எழுதியது இது:

"மேனேஜர் அன்று கடிக்கவில்லை, தாடை செத்துப்போய்விட்டதால் கடிக்க முடியவில்லை."

நோயைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்களுக்கு இந்த வரி கட்டாயம் வேண்டும். சுவரிலும் இதுதான் இருக்கும். ஆனால் கிரேனுக்கு எழுத்துத் தெரியாது. முதல் பாதியில் நிறுத்திக்கொண்டு வாசித்தாலும் அவனுக்குத் தெரியப்போவதில்லை. அது பொய்யாகவும் இருக்காது. கடிக்க முடியாத அந்த நேரத்தில் அது அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது உண்மை. தலையைப் பிடித்திருந்தவன் நான், எனக்குத் தெரியும்.

இதோ தோளில் பஞ்சை அழுத்திக்கொண்டு வருகிறான். என் பக்கத்தில் உட்காருகிறான்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"வாசி."

எனக்குக் குரல் வரவில்லை. நீங்கள் இதுவரை வந்துவிட்டீர்கள், எல்லாம் உங்களுக்குத் தெரியும். தாளை உங்களிடம் தருகிறேன். எந்த இடத்தில் நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். கொஞ்சம் சத்தமாக வாசியுங்கள். அவன் காத்திருக்கிறான்.